எட்டாம் நாள் புறப்பட்ட கோழிக்கூடு

என் வாழ்நாளில் நான் என் கையால் கட்டிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது இடிந்து விழவில்லை. கறையான் அரிக்கவில்லை. யானை மிதிக்கவில்லை. கட்டி எட்டாம் நாள் காலை பத்து மணியளவில், உள்ளே குடியிருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அது தானாகவே புறப்பட்டுப் போய்விட்டது. போகிற போக்கில் என் கலியாணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

இத்தனை வருடம் கழித்து இதை நானே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் எழுதாவிட்டால் என் மனைவி எழுதிவிடுவாள். (அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் மோசம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வடமராட்சியில் புகையிலைத் தோட்டத்துக்குக் கிணற்றுத் துலா மிதித்து வளர்ந்தவன். ஐம்பதுகளின் நடுவில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றம் ஒன்றில் ஐயாவின் பெயருக்குக் காணி கிடைத்தது. ஐயாவுக்குப் புகையிலையை விட்டுவர மனமில்லை. "நீ முதல்ல போய்ப் பார். சரிவந்தா நானும் வாறன்" என்று சொல்லி, ஒரு மண்வெட்டியும் ஒரு காட்டுக்கத்தியும் அரை மூட்டை அரிசியும் தந்து என்னை ரயிலேற்றிவிட்டார். அவர் கடைசிவரை வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது மாசி மாதக் கடைசியில். மழை எப்போதோ ஓய்ந்து, காலபோக நெல்லை எல்லோரும் வெட்டி முடித்து, நிலம் வெடித்துக் கிடந்தது. எங்கள் பக்கத்துக் காணிகள் அப்போதுதான் புதிதாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. நான் ஒரு மண்குடிசை போட்டேன். கிணறு வெட்டினேன். மிச்ச நேரமெல்லாம் குரங்குகளோடு சண்டை பிடித்தேன்.

இந்த இடத்தில் என் அறிவின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஆறு கிடையாது, வாய்க்கால் என்று சொல்வதெல்லாம் தோட்டத்துக்குள் ஒரு சாண் அகலத்தில் மண்ணால் அணைத்த கோடு. தண்ணீர் என்பது கிணற்றுக்குள் கிடப்பது. மனிதன் துலாவில் ஏறி இறங்கி, முதுகு முறிந்தால்தான் அது மேலே வரும். குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும் என்று எனக்கும் தெரியும். எப்படி வரும், எதால் வரும் என்று நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் தானாகவே எழுந்து மைல் கணக்காக நடந்து வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், ஆளுக்கு மலேரியாக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பேன்.

மலேரியா என்றதும் என் கலியாணப் பிரச்சினைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வன்னிக்குப் போனவனுக்குப் பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் யாரும் முன்வருவதில்லை. காய்ச்சல், யானை, பாம்பு என்ற மூன்று சொற்களைச் சொல்லியே இரண்டு சம்பந்தம் தட்டிப் போனது. மூன்றாவதாகத் தரகர் கொண்டுவந்தது நாகேஸ்வரியின் சாதகம். பொருத்தம் எல்லாம் வாய்த்தது. தகப்பன் செல்லையர் நல்ல தோட்டக்காரர். தாயில்லாத பிள்ளையை வளர்த்தது செல்லையரின் தமக்கை பாக்கியம் அம்மா. பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, ஒரு கோயில் தேரன்று, பின்பக்கமாகக் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பின்னலே போதுமாக இருந்தது.

யானைக்கும் பாம்புக்கும் அந்தப் பெண் பயப்படவில்லையாம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தாள். தரகர் அதை எனக்குச் சொல்லும்போது சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார்.

"பெட்டைக்குக் கோழியும் தாராவும்தான் உயிர். அதுகளைக் கொண்டுதான் வருவாவாம். அதால முதல்ல கொஞ்சத்தை உமக்கு அனுப்பி விடுறாவாம். சித்திரை வருஷம் பிறந்து கழியத் தேப்பனும் மாமியும் வந்து பாப்பினம். அதுகள் சுகமாய் இருந்தா மாத்திரம் தானும் வாறாவாம்."

யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளையின் படிப்பைப் பார்ப்பார்கள், காணியைப் பார்ப்பார்கள், குடிக்கிறவனா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். கோழிக்கூட்டைப் பார்த்து முடிவெடுத்த கலியாணம் எனக்குத் தெரிந்து என்னுடையது ஒன்றுதான்.

பங்குனிக் கடைசியில், வைக்கோல் ஏற்ற வந்த லொறியில் இரண்டு பெரிய பனையோலைக் கடகங்கள் வந்து இறங்கின. நாலு பேட்டுக்கோழி, ஒரு சேவல், ஐந்து தாரா வாத்து. கூடவே ஒரு கடிதம். ஒரு பெண் எனக்கு எழுதிய முதல் கடிதம். அவசரமாகப் பிரித்தேன். இப்போதும் அது என்னிடம் இருக்கிறது.

"தாராவுக்கு ஏணி ஏறத் தெரியாது. சரிவான பலகை வைக்கவும். கோழிக்கு ஏறி இருக்கத் தடி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மறைப்புக் கட்டவும், தாரா தண்ணீர் சிந்தும், கோழிக்கு ஈரம் ஆகாது. மரநாய் வராமல் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டவும். தரைக்கு மணல் போடவும். தடிகளை நிலத்தில் புதைக்க வேண்டாம், கிழமைக்கு ஒருமுறை கூட்டை இடம் மாற்றினால்தான் நோய் வராது. வாசல் கிழக்குப் பார்க்க வேண்டும். தாராவைக் காலமை ஒன்பது மணிக்கு முன்னம் திறந்து விட்டால் கண்ட இடத்தில் முட்டையிட்டு விட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து நிற்கும். புள்ளிக்கோழி பயந்தால் உயரமான எதிலும் ஏறும். தண்ணீர் கிட்ட இருப்பது நல்லது. இப்படிக்கு, நா."

(பெயரை முழுதாக எழுத வெட்கமாம்.)

அன்புள்ள என்று தொடக்கம் இல்லை. சுகம் விசாரிக்கவில்லை. நான் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். 'புள்ளிக்கோழி பயந்தால்' என்ற இடம் வரும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்தது. இவளைத்தான் கட்டுவது, கட்டாவிட்டால் இந்தக் காட்டிலேயே குரங்குகளோடு காலம் தள்ளுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் கூட்டுக்கு இடம் தேடிக் காணி முழுக்க அலைந்தேன். பின்பக்கத்தில், இரண்டு பாலை மரங்களுக்குக் கீழே, எல்லையை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் கிடந்தது. இடுப்பளவு ஆழம். இரு கரையும் யாரோ வெட்டி விட்டாற்போல நேர்த்தி. அடியில் மெத்தை மாதிரி மணல். நல்ல நிழல். காற்று அடிக்காது. பருந்தின் கண்ணுக்கும் படாது. மணலுக்கு வேறு எங்கும் போகத் தேவையில்லை! காணி பிரித்தவர்கள் ஒரு கோழிக்காரனை மனதில் வைத்தே இதை வெட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 'தண்ணீர் கிட்ட இருப்பது நல்லது' என்ற ஒன்றுதான் உதைத்தது. கிணற்றிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்தது, நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும், ஆனால் தடி புதைக்கக் கூடாது. இரண்டு இரவு யோசித்தேன். பெருந்தெருவுக்குத் தார் போட்டவர்கள் விட்டுப்போன வெறும் பீப்பாக்கள் மைல் கட்டையடியில் கிடந்தன. இரண்டை உருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே பாம்பு புகுந்து முட்டையிடும் என்று பயந்து, மிச்சத் தாரைக் காய்ச்சி வாய் இரண்டையும் துளியும் காற்றுப் போகாமல் அடைத்தேன். அவற்றைப் படுக்கப் போட்டு, மேலே காட்டுத்தடிகளை நெருக்கி வைத்துக் கொடியால் வரிந்து, அதன்மேல் இரண்டு அறை எடுத்தேன். ஒன்று கோழிக்கு, ஒன்று தாராவுக்கு. நடுவில் மறைப்பு. வாசலில் சரிவுப் பலகை. இலுக்கம்புல்லால் கூரை. எவ்வளவு பாரம் குறைவாகக் கட்டலாமோ அவ்வளவு குறைவாகக் கட்டினேன், கிழமைக்கொரு தடவை இடம் மாற்ற வேண்டுமே.

காற்றடைத்த இரண்டு பீப்பா, அதன்மேல் லேசான மரத்தட்டு, அதன்மேல் கூரை. இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

கூரை மேய்ந்துகொண்டிருந்த நாள் சின்னையா அண்ணை வந்தார். பக்கத்துக் காணிக்காரர். வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். கதை குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. முன் வேலிப் படலையில் நின்றபடியே கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்குக் குளத்தடியில கூட்டம். சிறுபோகத்துக்குத் தண்ணி விடுறதைப் பற்றிக் கதைக்கினம். வாரும்."

"எனக்குக் கட்டட வேலை கிடக்கு அண்ணை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"தண்ணி விசயம் தம்பி."

"எனக்குக் கிணறு இருக்குத்தானே அண்ணை."

அவர் என்னை ஒரு தரமும் கிணற்றை ஒரு தரமும் பார்த்துவிட்டுப் போனார். கிணறு இருக்கிறதென்ற என் பெருமையை ரசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். குளத்தின் மடைத் துருசைத் திறந்து தண்ணீர் விட நாள் குறித்தபோது, நல்ல நாள் பார்த்துத்தான் திறக்க வேண்டும் என்று கமக்காரர்கள் பிடிவாதமாக நின்றிருக்கிறார்கள். வருஷம் பிறந்த பிறகு, அவர்கள் பார்த்த கிழமையில் பஞ்சாங்கத்தில் சுபதினம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்குச் சுபவேளை. அதைக் குளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நாற்பது மைல் கட்டைக்கு அப்பால் அதே பஞ்சாங்கத்தைப் புரட்டிய செல்லையரும், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அதே வெள்ளியைத்தான் எடுத்துக்கொண்டார்.

கூடு முடிந்து பறவைகள் குடிபுகுந்த பிறகு வந்த ஏழு நாளும் நான் ஆகாயத்தில் பறந்தேன். தாராக்கள் ஒன்பது மணிக்குப் பலகையால் வரிசையாக இறங்கி வரும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மரநாய் ஒன்று கரைவரை வந்து, பீப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. என்னைப்போல ஒரு மேசன் இந்தக் குடியேற்றத்தில் இல்லை என்று அந்தப் பிராணியே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை. கூட்டைக் கூட்டினேன். புது வைக்கோல் போட்டேன். சேவலின் காலைக்கூடக் கழுவிவிட்டேன். வருகிறவர்களுக்குப் பத்துப் பறவைகளையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கதவைத் திறக்காமல் கொடியால் இறுக்கிக் கட்டிவிட்டு, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றேன்.

காலை ரயிலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார்கள். செல்லையர் மெலிந்த மனிதர், எதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார். வந்ததும் என் குடிசைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பாக்கியம் அம்மா கையில் ஒரு கறுத்தக் குடையோடு வந்தார். சின்னையா அண்ணை வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு கதிரைகளில் அவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். விசாரணை தொடங்கியது.

"பிள்ளை எழுதி விட்டது கிடைச்சதோ?" என்று பாக்கியம் அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. அதில உள்ளதில ஒண்டும் விடயில்லை."

"மரநாய்?"

"கிட்டவும் வராது. உசத்திக் கட்டியிருக்கிறன்."

"வாசல்?"

"கிழக்கு."

"இடம் மாத்தலாமோ?"

"சும்மா சுகமாய் மாத்தலாம் அம்மா. ஒரு பாரமும் இல்லை."

(இந்தப் பதிலை நான் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கூடு இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது.)

பாக்கியம் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. செல்லையர்கூடத் தலையை ஆட்டினார். "எழும்புங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. முன்னால் நடந்து, பாலை மரத்தடிக்குப் போய், அவர்கள் பக்கம் திரும்பி நின்றபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டி, "இதுதான்" என்றேன்.

இருவரும் என் கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். வியந்து போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"எது தம்பி?" என்று செல்லையர் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பள்ளம் நிறையச் செந்நிறமாகத் தண்ணீர். அது சும்மா நிற்கவில்லை, சருகையும் சுள்ளியையும் தள்ளிக்கொண்டு அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கூட்டைக் காணவில்லை. அதன் சரிவுப் பலகை மட்டும் பாலை வேரில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"இதிலதான் நிண்டது" என்றேன்.

"இது வாய்க்கால் எல்லோ?"

"இல்லை ஐயா, இது பள்ளம்."

பாக்கியம் அம்மா குடை நுனியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். தண்ணீர் குடையையும் இழுத்தது. "பள்ளம் ஓடுமோ தம்பி?" என்று கேட்டார்.

வெயில் கொளுத்துகிறது, மழை இல்லை, எங்கிருந்து வந்தது இவ்வளவு தண்ணீர்? நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு கிணற்றைக்கூடத் திரும்பிப் பார்த்தேன். (சத்தியமாக, கிணறு உடைத்துக்கொண்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன்.) அந்த நேரம் தூரத்தில், தண்ணீர் போகும் திசையில், எங்கள் சேவல் கூவியது.

கரை வழியே ஓடினோம். நான் முன்னே, எனக்குப் பின்னே செல்லையர், அவருக்குப் பின்னே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாக்கியம் அம்மா. ஒரு திருப்பத்தில் கூட்டைக் கண்டோம். கூரை குலையாமல், ஒரு பக்கம் சரியாமல், வாசலைக் கிழக்கே வைத்தபடி தேர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். என்ன உறுதியான கட்டு!

அந்த உறுதிதான் அடுத்த வில்லங்கம். கொஞ்சத் தூரத்தில் கிரவல் றோட்டுக்குக் கீழே தண்ணீர் போக ஒரு மதகு இருந்தது. கூடு நேரே போய் அதன் வாய்க்குள் போத்தலுக்குத் தக்கை வைத்தாற்போல் இறுகிக்கொண்டது. தண்ணீர் முட்டி நின்றது. பிறகு ஏறியது. பிறகு கரை தாண்டி, பக்கத்துக் காணியில் ஒருவர் பாயில் காயப் போட்டிருந்த நெல்லின் பக்கம் போகத் தொடங்கியது. அந்த வீட்டில் இருந்து எழுந்த சத்தத்துக்கு நாலா பக்கமும் மண்வெட்டியோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு வருடமாகத் தண்ணீருக்குக் காத்திருந்த சனம், அது ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் நிற்பதைக் கண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சின்னையா அண்ணையும் வந்தார். கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாய்க்காலுக்குள்ள தடியும் பீப்பாவும் கிடந்ததை நான் கண்டனான். மீன் பிடிக்க ஏதோ கட்டுறீராக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அடுத்து வந்தவர்தான் முக்கியமானவர். முதல் தண்ணீரோடு கூடவே கரையில் சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்த நீர்ப்பாசன ஓவசியர். காக்கிக் காற்சட்டை, தொப்பி. சைக்கிளை வீசிவிட்டு மதகில் ஏறி நின்று கத்தினார்.

"ஆரின்ர வேலை இது? அரசாங்க வாய்க்காலுக்குள்ள ஆர் இதைக் கட்டினது? சொல்லுங்கோ! அவன்ர காணியைப் பறிச்சுப்போட்டுத்தான் மற்ற வேலை!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் காணியைப் பறிக்கிற ஓவசியர். பின்னால் பெண்ணைக் கொடுக்க வந்த செல்லையர். கூட்டுக்குள் இருந்து தாராக்களின் அலறல். ஒரு நேர்மையான மனிதன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பானோ எனக்குத் தெரியாது. நான் சொன்னது இதுதான்.

"எனக்குத் தெரியாது ஐயா. மேலையிருந்து மிதந்து வந்திருக்கும்."

சின்னையா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். செல்லையர் என்னையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாக்கியம் அம்மா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மதகடியில் குனிந்து, "பா… பா… பா…" என்று கூப்பிட்டார். கூட்டுக்குள் இருந்து நாலு கோழியும் சேவலும் ஒன்றாகச் சேர்ந்து பதில் சொல்லின.

பாக்கியம் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, அதுகள் தங்களை அனுப்பின ஆக்கள் ஆரெண்டு சொல்லுதுகள்" என்றார்.

அதைவிட அவர் குடையால் நாலு போட்டிருக்கலாம். கலியாணம் போய்விட்டது, காணியும் போகப் போகிறது, அந்தப் பின்னல் வேறு யாரோ ஒருவனின் வீட்டுக்குப் போய்விடும். கோழிகளையாவது உயிரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு எண்ணம்தான் மிஞ்சியது. "என்ர கூடுதான் ஐயா!" என்று கத்திக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. கிணற்றடியில் வாளியால் குளித்து வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? தண்ணீருக்குள் தலை போனதும் கையையும் காலையும் அடித்தேன். "தாழப் போறன்! காப்பாத்துங்கோ!" என்று அலறினேன்.

"தம்பி, எழும்பி நில்லும்" என்றார் சின்னையா அண்ணை, ஆறுதலாக.

எழும்பி நின்றேன். தண்ணீர் என் இடுப்பு மட்டும் இருந்தது. மதகில் நின்ற சனம் சிரித்த சிரிப்பில் ஓவசியரும் சேர்ந்துகொண்டார் என்பதுதான் எனக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல சகுனம்.

கதவுக் கொடியை அவிழ்க்க முடியவில்லை, நான்தான் அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேனே. கூரைப் புல்லைப் பிய்த்தேன். தாராக்கள் ஐந்தும் ஒவ்வொன்றாக வெளியே பாய்ந்து, தண்ணீரில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்த வழியே நீந்திப் போய்விட்டன. கோழிகள் அப்படியில்லை. புள்ளிக்கோழி பயந்தால் உயரமான எதிலும் ஏறும் என்று கடிதத்தில் இருந்தது. அந்த நேரம் அந்த வாய்க்காலில் உயரமாக நின்றது நான் ஒருவன்தான். அது நேரே என் தலையில் ஏறி நின்றது. மற்றவை தோள்களுக்கு வந்தன. சேவலுக்கு இடமில்லாமல் என் நீட்டிய கையில் ஏறிக்கொண்டது.

"அசையாதையும்!" என்று பாக்கியம் அம்மா கத்தினார். "அசைஞ்சீரெண்டா அதுகள் தண்ணிக்குள்ள விழுந்திடும்!"

நான் அசையவில்லை. அரை மணித்தியாலம். ஆட்கள் இறங்கி, என்னைச் சுற்றி நின்றுகொண்டு, நான் பத்து நாள் பாடுபட்டுக் கட்டிய கூட்டைத் தடி தடியாகக் கழற்றிக் கரையில் எறிந்தார்கள். சேவல் இரண்டு தடவை என் காதுக்குள் கூவியது. கோழிகள் வழக்கமாகக் காலையில் செய்யும் வேலைகளையெல்லாம் என் மேலேயே செய்து முடித்தன. என் பட்டுக்கரை வேட்டியில் ஒரு பகுதி மதகுக்குள் போய்விட்டது, எவ்வளவு பகுதி என்று நான் குனிந்து பார்க்கவில்லை. புள்ளிக்கோழி என் தலைமயிரைப் பற்றிக்கொண்டிருந்த விதத்தில் அதற்கும் என்மேல் பெரிய நம்பிக்கை இல்லை என்பது விளங்கியது.

கடைசியில் மதகு திறந்தது. பாக்கியம் அம்மா கரையில் இருந்தபடியே ஒவ்வொரு கோழியாக என் மேலிருந்து எடுத்து, இறகைத் தடவி, காலைப் பார்த்து, கடகத்துக்குள் விட்டார். என்னை ஏனென்றும் கேட்கவில்லை. ஓவசியர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "போய்க் குளியும் காணும்" என்று மட்டும் சொன்னார். காணி தப்பியது.

பின்னேர ரயிலுக்கு விருந்தாளிகள் புறப்பட்டார்கள். கோழிகளை விட்டுவிட்டுப் போனார்கள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தாரா ஐந்தையும் அப்போதுவரை காணவில்லை. வண்டியில் ஏறும்போது செல்லையர், "நாங்கள் பிறகு சொல்லி அனுப்புறம்" என்றார். யாழ்ப்பாணத்தில் இந்த வசனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நான் படலையில் நின்று தலையாட்டினேன்.

அன்று பொழுதுபட, தாராக்கள் ஐந்தும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வரிசையாக நடந்து வந்து குடிசை வாசலில் நின்றன. அவற்றைக் கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதிய முதல் காதல் கடிதம். "தாரா ஐந்தும் வந்து சேர்ந்தன. ஒன்று கொஞ்சம் நொண்டுகிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்." வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பத்துப் பேரையும் என் குடிசைக்குள்ளேயே படுக்க வைத்தேன். மூன்று கிழமை அப்படியே போனது. (சமையலில் இறகு வந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன்.)

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது.

"நொண்டுகிற தாராவை ஈரத்தில் விட வேண்டாம். மாமி எல்லாம் சொன்னா. கோழி தலையில் நின்ற அரை மணித்தியாலமும் நீங்கள் கொஞ்சமும் அசையவில்லையாம். அப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. எனக்கு விருப்பம். கூட்டை நான் வந்து கட்டுகிறேன். நீங்கள் ஒன்றையும் கட்ட வேண்டாம். ஆனால் கூடு உங்களுடையது இல்லை என்று சொன்னீர்களாமே, அதை நேரில் கேட்க இருக்கிறேன். இப்படிக்கு, நாகேஸ்வரி."

முழுப் பெயர்! அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். வாசிக்கும்போது புள்ளிக்கோழி என் மடியில்தான் இருந்தது.

ஆவணியில் கலியாணம். வந்த அன்றே, கூறைச் சேலை மாற்றிய கையோடு பின்பக்கம் போனாள். "வாய்க்கால் எங்க?" என்று கேட்டாள். காட்டினேன். அங்கிருந்து நாற்பது அடி எண்ணி நடந்து, மேட்டில் ஓர் இடத்தில் காலால் கோடு கிழித்தாள். மூன்று நாளில் கூடு நிமிர்ந்தது. எனக்குத் தரப்பட்ட வேலை கொடி எடுத்துக் கொடுப்பது. அதன் பிறகு இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் எனக்கு அனுமதி கிடைத்ததில்லை, கேட்டுப் பார்க்கும் துணிவும் வந்ததில்லை.

நேரில் கேட்க இருந்ததையும் கேட்டாள். ஒரு தடவை அல்ல. சோறு அடிப்பிடித்தால், விளக்குச் சிமினி உடைந்தால், மாடு அவிழ்த்துக்கொண்டு போனால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே அவள் சொல்லிவிடுவாள், "ஓமோம், மேலையிருந்து மிதந்து வந்திருக்கும்." அது சின்னையா அண்ணை வீட்டுக்குப் பரவி, அங்கிருந்து வாய்க்கால் நெடுகப் போய், ஊரில் யார் எதை மறுத்தாலும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். ஓவசியர்கூட ஒரு கூட்டத்தில் சொன்னாராம்.

ஆனால் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பாக்கியம் அம்மாதான். அடுத்த வருடம் எங்கள் மூத்தவள் பிறந்தபோது ஆசுப்பத்திரி விறாந்தையில் தகப்பன்மார் ஐந்தாறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். முதல் நாளில் இருந்து நித்திரை இல்லை. தாதி மிசி ஒருவர் துணியில் சுற்றிய பிள்ளையோடு வெளியே வந்து, "இது ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டார். ஒரு கணம் தாமதித்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பாக்கியம் அம்மா குடையை ஊன்றிக்கொண்டு, விறாந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்கோ மிசி. இந்த மனிசன் யோசிக்குது. இப்ப மேலையிருந்து மிதந்து வந்ததெண்டு சொல்லப் போகுது."

"என்ர! என்ரதான்! சத்தியமாய் என்ரதான்!" என்று நான் கத்திய கத்தலில் உள்ளே படுத்திருந்த தாய்மாரெல்லாம் எழும்பி இருந்துவிட்டார்கள். பிள்ளை வீரிட்டது. மிசிக்கு என் கதை ஒன்றும் தெரியாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிள்ளையை என் கையில் தந்தார்.

"உங்கடதான், ஆர் இல்லையெண்டது?" என்றார். "மெதுவாய்க் கதையுங்கோ."